புறக்கோட்டைத் தெருவொன்றை ரொமான்டிக் கால நீர்வர்ண முறையில் வரைதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலக்கியத்தில் மனோரதியம் (ரொமான்டிக் இயக்கம்) என்று நாம் படிக்கும் அதே காலப்பகுதியில், ஆங்கில நீர்வர்ண ஓவியர் பலர் கடல் கடந்து பிரான்சின் பழைய நகரங்களுக்குச் சென்று அவற்றின் குறுகிய தெருக்களை வரைந்தனர். தோமஸ் கேர்ட்டின் 1801 இன் இறுதியில் பாரிசுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கி, சான் தெனி வீதியை அதன் கோடியில் நிற்கும் வளைவு வாயிலோடு சேர்த்துத் தீட்டினார். சாமுவேல் பிரவுட் 1819 இல் நோர்மண்டிக்குச் சென்றபின் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய தெருக்களுக்கே செலவிட்டார். ரிச்சர்ட் பார்க்ஸ் பொனிங்டன் காசநோயால் 1828 இல், இருபத்தைந்து வயதில், இறப்பதற்கு முன்னரே இந்த வகை ஓவியத்துக்கு ஒரு மென்மையையும் வெளிச்சத்தையும் கொடுத்துவிட்டார்.

இந்த ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் அவற்றின் நுணுக்கத்தைத்தான் கவனிக்கிறார்கள்: சாய்ந்த கூரைகள், மரச் சட்டங்கள், பிதுங்கி நிற்கும் மேல்மாடிகள், சந்தைப் பெண்கள். ஆனால் கண்ணைச் சற்று இடுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தால், நுணுக்கங்கள் எல்லாம் மறைந்து, தெருவின் ஒரு பக்கத்தை முழுவதுமாக விழுங்கி நிற்கும் ஒரே ஒரு பெரிய நிழல் வடிவம் மட்டும் எஞ்சும். அந்த நிழல்தான் ஓவியத்தைத் தாங்குகிறது. ஆகவே கொழும்பின் பழைய கடைவீதிப் பகுதியான புறக்கோட்டையின் ஒரு தெருவை இந்த முறையில் வரைய விரும்புகிறவர் கட்டடங்களை வரையக் கற்பதற்கு முன்னர் நிழலை வரையக் கற்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

தெருவையும் நேரத்தையும் தெரிவு செய்தல்

ரொமான்டிக் காலத் தெருக்காட்சி ஒன்றின் கோடியில் கண்ணைத் தடுத்து நிறுத்தும் ஏதாவது ஒன்று ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அது தேவாலயக் கோபுரமாகவோ வளைவு வாயிலாகவோ மணிக்கூண்டாகவோ இருக்கலாம். கொழும்பில் இதற்குப் பஞ்சமில்லை. செட்டியார் தெருவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. பிரதான வீதி முடியும் இடத்தில் கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு நிற்கிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறது. ஆயினும் அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் நிழலைக் காட்டிலும் உரத்துப் பேசுவதால் முதல் முயற்சிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரின்ஸ் வீதியில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒல்லாந்தர் மாளிகை, இன்று அருங்காட்சியகமாக, பருத்த தூண்களோடு நிற்கிறது. தூண்களுக்குப் பின்னால் தேங்கும் இருளை வரையப் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த இடம் புறக்கோட்டையில் இல்லை.

தெருவைவிட நேரம் முக்கியமானது. பிரான்சின் ரூவான் நகரில் நடுக்கோடையில்கூட உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 64 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கொழும்பிலோ உச்சிச் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும் டிசம்பர் மாதத்திலேயே அது ஏறக்குறைய 60 பாகையில் நிற்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. அதாவது அவர்களுடைய உச்சக் கோடை வெளிச்சமே ஏறத்தாழ நமது மிகச் சாய்ந்த நண்பகல் வெளிச்சம். பிரெஞ்சுத் தெருக்களில் நாள் முழுவதும் இயல்பாகக் கிடைத்த நீண்ட சாய்ந்த நிழலை நாம் காலையிலும் மாலையிலும் மட்டுமே தேடிப் பிடிக்க முடியும். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் புறக்கோட்டைக்குப் போகிறவருக்குத் தாவாரத்தின் கீழ் ஒரு சாண் நிழலும், வெளுத்துப்போன சுவர்களும், தலைவலியும்தான் கிடைக்கும்.

இதைச் சற்று விரிவாகக் கணக்கிட்டுக்கொள்வது பயன் தரும். குறுக்குத் தெருக்கள் ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகின்றன. தெருவின் அகலமும் இருபுறத்துக் கடைகளின் உயரமும் சமம் என்று வைத்துக்கொண்டால், மார்ச், செப்டெம்பர் மாதங்களை அண்டிய நாட்களில், காலை ஏழு மணி சற்றுத் தாண்டும்போது மேற்கு வரிசைக் கட்டடங்களின் மேல் கால்வாசியில் மட்டும் வெயில் படும். எட்டு மணி தாண்டும்போது மேல் பாதிக்குச் சற்று அதிகமான பகுதி ஒளிரும். கீழ்த்தளமும் வீதியும் இன்னும் முழு நிழலில் இருக்கும். ஒன்பது மணி தாண்டியதும் நிழலின் விளிம்பு மேற்குச் சுவரின் அடியைத் தொடும். பத்து மணிக்குப் பின்னர் வீதியின் பாதிக்குக் கிட்டிய பகுதி வெயிலாகிவிடும். இந்த நான்கில் எட்டு மணிக் காட்சியே நமக்கு வேண்டியது: மேல்மாடிகளில் பொன்னிற வெயில், கீழே குளிர்ந்த நிழல், நிழலுக்குள் மனிதர்கள். பொனிங்டனின் தெருக்களில் காணும் வெளிச்சமும் இதற்கு மிக நெருங்கியதே. மாலை நான்கு மணியளவில் இதே காட்சி கிழக்கு வரிசையில் மீண்டும் கிடைக்கும். ஆனால் அப்போது நெரிசலில் நிற்க இடம் கிடைக்காது. மற்றொரு வழியும் உண்டு. பிரதான வீதியும் பிரின்ஸ் வீதியும் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுவதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும்போது, அவற்றின் ஒரு வரிசை பகலின் பெரும்பகுதி வெயிலிலும் எதிர் வரிசை நிழலிலும் இருக்கும். அவசரமில்லாமல் வரைய விரும்புகிறவர்கள் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்கலாம்.

பருவமழை இடைக்காலங்களில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் இடிமழைக்கு முன் வானம் ஈயநிறமாக இருண்டு, மேற்கிலிருந்து ஒரு கீற்று வெயில் மட்டும் கோபுரத்தில் விழும் சில நிமிடங்கள் வரும். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னரின் காலத்தவர் இதற்காக மலையேறினார்கள். செட்டியார் தெருவில் குடையோடு நின்றால் போதும்.

கடதாசி, வர்ணங்கள்

கேர்ட்டின் வெள்ளைவெளேர் என்ற கடதாசியைப் பெரிதும் விரும்பவில்லை. சற்றுச் சொரசொரப்பான, மங்கலான பழுப்புச் சாயை கொண்ட தாள்களை நாடினார். நாம் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, நடுத்தரச் சொரசொரப்புக் கொண்ட பருத்திக் கடதாசியை வாங்கி, அதன் மீது யெல்லோ ஓக்கரும் மிகச் சிறிதளவு லைட் ரெட்டும் கலந்த வெளிறிய நீரை முழுவதும் ஒரு முறை ஓடவிட்டுக் காயவைத்தால் அந்தச் சாயை கிடைத்துவிடும். தேயிலைச் சாயத்தைப் பூசும் யோசனை இந்த நாட்டில் எவருக்கும் எளிதில் தோன்றும். ஆனால் தேநீர் அமிலத்தன்மை கொண்டது என்பதால், நெடுநாள் வைத்திருக்க விரும்பும் ஓவியத்துக்கு அது ஏற்றதல்ல.

கொழும்பின் ஈரப்பதன் கடதாசிக்கு எதிரி. தாளின் மேல் வர்ணம் உடனே உறிஞ்சப்படாமல் காக்கும் பசைப்பூச்சு, ஈரமான அலுமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் வலுவிழந்துவிடும். அத்தகைய தாளில் நீர் விட்டால் ஆங்காங்கே திட்டுத்திட்டாக உள்ளிறங்கும். ஓரத்தில் ஒரு துளி நீரை வைத்துப் பாருங்கள்; துளி திரண்டு நின்றால் தாள் நல்லது, உடனே பரவி இருண்டால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். வாங்கிய தாள்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது.

வர்ணங்களில் சிக்கனமே சிறப்பு. யெல்லோ ஓக்கர், ரோ சியன்னா, பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், கோபால்ட் நீலம், இண்டிகோ, ஒரு ரோஜாச் சிவப்பு ஆகிய ஏழு போதும். இவற்றுள் கோபால்ட் நீலம் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1802 இல் உருவாக்கியது. அக்கால ஓவியர்களுக்கு அது புத்தம்புதிய பொருள். அவுரியிலிருந்து எடுத்த அசல் இண்டிகோ வெயிலில் வெளிறும். கேர்ட்டினின் சில வானங்கள் இன்று செம்மை படர்ந்து தெரிவதற்குக் காரணம், சாம்பல் நிறத்துக்காக அவர் கலந்த இண்டிகோ மறைந்து, கூடச் சேர்த்த சிவப்பு மட்டும் தங்கிவிட்டதே. இன்று குழாய்களில் இண்டிகோ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் வேறு நிறமிகளின் கலவை. ஆயினும் வாங்கும்போது குழாயில் அச்சிட்டிருக்கும் ஒளித்தாங்கும் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். ரோஜாச் சிவப்புகளில் ரோஸ் மேடரும் வெளிறக்கூடியது. அதற்குப் பதிலாகப் பேர்மனன்ட் ரோஸ் எடுத்துக்கொள்ளலாம்.

தெருவில் நின்று செய்ய வேண்டியது

பிரவுட்டும் பொனிங்டனும் தெருவில் பெரும்பாலும் பென்சிலால் வரைந்துகொண்டு, வர்ணத்தை அறைக்குத் திரும்பிப் பூசினார்கள். புறக்கோட்டைக்கும் அதுவே பொருந்தும். மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரும் தள்ளுவண்டிகளும் போகும் வழியில் ஓவியத்தாங்கியை விரித்து வைப்பது அவர்களுடைய தொழிலுக்கு இடையூறு. மூடியிருக்கும் ஒரு கடையின் படியில், சுவரோரமாக, ஒரு சிறு குறிப்பேட்டோடு நின்றால் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். கடைக்காரர் வந்தால், "அண்ணே, கொஞ்ச நேரம் நிண்டு படம் கீறலாமா?" என்று கேட்டுவிட்டால் பெரும்பாலும் கதிரை வந்துவிடும், சில வேளைகளில் பிளேன்டீயும் வரும். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருப்பதால் கட்டடங்களின் அளவுகளைச் சரியாகக் குறித்துக்கொள்ளலாம். மனிதர்களை வேலை நாளில் வந்து வரைந்துகொள்ளுங்கள்.

முதலில் தீப்பெட்டி அளவில் மூன்று சிறு வரைவுகளைச் செய்யுங்கள். அவற்றில் கட்டடம் எதையும் வரைய வேண்டாம். வானம், வெயில் படும் பகுதி, நிழல் என்ற மூன்று வடிவங்களை மட்டும் வெள்ளை, இளஞ்சாம்பல், கரும்சாம்பல் ஆகிய மூன்று தரங்களில் நிரப்புங்கள். கிழக்கு வரிசையின் சுவர், வீதி, மேற்கு வரிசையின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிழல் வடிவமாக வர வேண்டும். அவை தனித்தனித் துண்டுகளாகத் தெரிந்தால் நின்ற இடத்தைச் சில அடிகள் மாற்றிக்கொண்டு மறுபடியும் வரையுங்கள். இந்தச் சிறு வரைவு சரியாக அமையாத தெரு பெரிய தாளில் ஒருநாளும் சரிவராது. தாளை நெடுக்காகப் பிடிப்பது நல்லது, ஏனெனில் குறுகிய தெருவின் இயல்பே உயரந்தான்.

அடுத்து, கண்மட்டக் கோடு. உங்கள் கண்ணின் உயரத்தில் தாளுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டு, அதில், தெருவின் கோடுகள் தூரத்தில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் மறைபுள்ளியை மையத்திலிருந்து சற்று விலக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்துக்கு மேலுள்ள தாவாரங்களும் பெயர்ப்பலகைகளும் அந்தப் புள்ளியை நோக்கிக் கீழிறங்கும், கீழுள்ள படிகளும் நடைபாதை விளிம்புகளும் மேலேறும். நீங்கள் நின்றுகொண்டு வரைகிறீர்கள், தெருவும் சமதளம் என்றால், உங்கள் உயரமுள்ள பெரியவர்களின் தலைகள், அவர்கள் அருகில் இருந்தாலும் கோடியில் இருந்தாலும், அந்த ஒரே கோட்டில்தான் அமையும். தூரத்துக்கு ஏற்ப மாறுவது கால்களின் இடம் மட்டுமே. தெருக்காட்சியில் மனிதர்கள் மிதப்பதாகத் தோன்றும் குறை பெரும்பாலும் இந்த ஒரு விதியை மறந்ததால் வருவது.

எதை விடுவது என்ற கேள்வி இங்கே எழும். ரொமான்டிக் கால ஓவியர் கோபுரத்தைச் சற்று உயர்த்தவும், இடைஞ்சலான சுவரை நீக்கவும் தயங்கவில்லை. நீங்களும் குளிரூட்டிப் பெட்டிகளை நீக்கலாம், மின்கம்பிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முச்சக்கரவண்டிகளை அழித்துவிட்டு மாட்டுவண்டிகளை வரைவது எனக்கு உடன்பாடானதல்ல. பொனிங்டன் தமது காலத்து மனிதர்களையும் வண்டிகளையுமே தெருவில் நிறுத்தினார். நிழலுக்குள் நிற்கும் முச்சக்கரவண்டி ஒரு கரிய, வளைந்த, அழகான வடிவம். அதன் கூரை விளிம்பில் மட்டும் வானத்தின் நீலம் படும். பெயர்ப்பலகைகளின் மும்மொழி எழுத்துகளை மட்டும் எழுதாதீர்கள். வாசிக்கத்தக்க ஒரு சொல் ஓவியத்தில் இருந்தால், பார்ப்பவரின் கண் அதை வாசித்து முடிக்கும்வரை வேறெங்கும் போகாது.

வர்ணம் பூசுதல்

பென்சில் வரைவைத் தாளுக்கு மாற்றியபின், பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, பெரிய தூரிகையால் மேலிருந்து கீழாக முதல் பூச்சை ஓடவிடுங்கள். மேல்வானத்துக்குக் கோபால்ட் நீலம். கீழே இறங்க இறங்க நீலத்தைக் குறைத்து யெல்லோ ஓக்கரையும் ஒரு துளி ரோஜாவையும் சேர்த்து, வெயில் படும் சுவர்களின் மீதும் வீதியின் மீதும் அதே ஈரம் தொடர்ந்து ஓடுமாறு செய்யுங்கள். வானம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டாம். மிக வெளிச்சமான இரண்டு மூன்று இடங்களை மட்டும் நனைக்காமல் விடுங்கள். நமது ஈரக்காற்றில் இந்தப் பூச்சு மெதுவாகவே காயும். நிறங்களை ஒன்றோடொன்று இழையவிட அது வசதியே. ஆனால் தாள் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்வரை அடுத்த பூச்சைத் தொடங்கக்கூடாது. மழை நாளில் தலைமயிர் உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்துப் பயன்படுத்தலாம்.

இனி நிழல். தேவையென்று நினைக்கும் அளவைப்போல் இரு மடங்கு வர்ணத்தை முன்கூட்டியே கரைத்து வையுங்கள், ஏனெனில் பாதியில் தீர்ந்தால் மறுபடி அதே கலவை வராது. ஒரு கிண்ணத்தில் கோபால்ட் நீலம் மேலோங்க லைட் ரெட் சேர்ந்த குளிர்ந்த சாம்பல். மற்றொன்றில் லைட் ரெட்டும் ரோ சியன்னாவும் மேலோங்க இண்டிகோ சேர்ந்த வெதுவெதுப்பான சாம்பல். இரண்டும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நிழலில் இருக்கும் பொருள் வெயிலை நேரே பெறாவிட்டாலும் வேறு இரண்டு ஒளிகளைப் பெறுகிறது. மேல்நோக்கிய பரப்புகள், அதாவது கூரைச் சரிவு, பந்தல், படி, வீதி ஆகியவை, நீல வானத்தின் ஒளியை வாங்கிக் குளிர்ந்து தோன்றும். கீழ்நோக்கிய பரப்புகள், அதாவது தாவாரத்தின் அடிப்பக்கம், மேல்மாடி முகப்பின் அடி, விறாந்தைக் கூரை ஆகியவை, எதிரேயுள்ள வெயில் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தெறிக்கும் மஞ்சள் ஒளியை வாங்கி வெதுவெதுப்பாகத் தோன்றும். வெயில் கடுமையாக இருக்கும் நம் ஊரில் இந்தத் தெறிப்பொளி வடநாடுகளைவிட வலுவானது. ஓட்டுக்கூரையின் அடியில் சில வேளைகளில் அது செம்மஞ்சளாகவே எரியும். நிழலைக் கறுப்பு வர்ணத்தால் பூசுகிறவர்கள் இழப்பது இந்த ஒளியைத்தான்.

பூச்சை நிழல் வரிசையின் கூரை விளிம்பில் குளிர்ந்த கலவையோடு தொடங்கி, இறங்கும்போது ஈரம் காயவிடாமல் வெதுவெதுப்பான கலவையைச் சேர்த்து, கடைக்குக் கடை நிற்காமல், கதவு, யன்னல், மனிதர் எவருக்கும் ஒதுங்காமல், வீதியின் மீது ஓடி, எதிர்ச் சுவரில் நிழல் ஏறும் உயரம்வரை ஒரே மூச்சில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். வீதியின் மீது வரும்போது மறுபடியும் சற்றுக் குளிர்ந்த சாம்பலுக்குத் திரும்புங்கள். நிழலின் வெளிவிளிம்பு கூர்மையாகவும், உள்ளே எல்லாம் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஈரம் பளபளப்பு இழக்கும் தறுவாயில் சேலைச் சிவப்பு, வாழைக்குலை மஞ்சள், பிளாஸ்டிக் வாளி நீலம் போன்ற உள்ளூர் நிறங்களை அடர்த்தியாக, சொட்டுச் சொட்டாக உள்ளே விடலாம். அவை பரவி, நிழலுக்குள் ஏதோ நடமாடுவதாகத் தோன்றச் செய்யும். இந்தப் பூச்சு காய்ந்தபின் ஓவியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கருத வேண்டும். அதற்குமேல் செய்வது குறைவாக இருக்குமளவுக்கு நல்லது.

மூன்றாம் பூச்சில் மிக இருண்ட இடங்களை மட்டும் தொடுங்கள்: திறந்த கதவின் உட்புறம், தாவாரத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பிளவு, வண்டிச் சில்லின் அடி. அக்கால ஓவியர் இத்தகைய இருளில் சிறிது அரபிப் பிசினைக் கரைத்துச் சேர்ப்பதுண்டு. காய்ந்தபின் இருள் ஆழமாகத் தெரியும். அளவு மீறினால் மினுமினுக்கும், பின்னர் வெடிக்கவும் கூடும்.

வெயில் பக்கத்தில் பிரவுட் கோடு போடும் முறையைப் பின்பற்றலாம். நாணற் பேனாவில் நீர்த்த பழுப்பு மையெடுத்து, நொறுங்கிய காரை, பீலி ஓடுகளின் விளிம்பு, மரப்பலகணியின் சட்டம் ஆகியவற்றை அறுந்து அறுந்து போகும் கோடுகளால் குறியுங்கள். கோடு தொடர்ந்து ஓடினால் கட்டடம் புதிதாகிவிடும். கோயில் கோபுரத்துக்குக் கோடே வேண்டாம். அதிலுள்ள சுதைச் சிற்பங்களை எண்ணத் தொடங்கினால் மீள முடியாது. படிப்படியாக ஒடுங்கும் ஒரு வடிவமாக அதைக் கண்டு, வெயில் பக்கத்தை முதல் பூச்சிலேயே விட்டுவிட்டு, நிழல் பக்கத்தில் குளிர்ந்த சாம்பலை இட்டு, ஒவ்வொரு நிலையின் கீழும் சிறு இருள் துணுக்குகளை வைத்தால், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சிற்பங்கள் தாமாகவே தோன்றும்.

இழந்த வெளிச்சத்தை மீட்பதற்கும் வழிகள் உண்டு. ஈரத் தூரிகையால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம். அக்காலத்தவர் பாண் துண்டால் தேய்த்தும் எடுத்தனர். கம்பியில் மின்னும் ஒளி, வண்டிக் கண்ணாடியின் பளிச்சு போன்றவற்றைக் கூர்க்கத்தியின் நுனியால் காய்ந்த தாளில் சுரண்டலாம். டர்னர் நகத்தாலேயே சுரண்டியவர். வெள்ளை வர்ணத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நிலையான சைனீஸ் வைட் 1834 இல் சந்தைக்கு வந்தபின் பலரும் அதை நாடினார்கள். ஆனால் அது தாளின் வெள்ளையைப் போல் ஒளிராது என்பதால் கடைசிப் புகலாகவே வைத்திருங்கள்.

முடிந்த ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இடும்போது, கண்ணாடி தாளைத் தொடாதவாறு நடுவில் அட்டை விளிம்பு வையுங்கள். தொட்டால் நமது காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரில், குறிப்பாக மழை அடிக்கும் தென்மேற்குப் பக்கச் சுவரில், மாட்டுவதைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள். யன்னல் வெயில் நேரே படக்கூடாது. அருங்காட்சியகங்கள் நீர்வர்ண ஓவியங்களுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் வெளிச்சமே அனுமதிக்கின்றன, அது ஒரு வரவேற்பறையின் மங்கலான மாலை வெளிச்சத்துக்கு மேற்பட்டதல்ல.